அப்பாவுக்கு ஒன்பது வயது

சிவகாசி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஹரிஷ்குமாருக்கு அப்பா நல்லசிவம் எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அச்சு மெஷின் நலம், வெயில் ரொம்பவே நலம். வீட்டில் சுகமில்லாதது புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். போலந்தில் உன் சுகத்தை அம்மாவுக்கு நீ அனுப்புகிற கட்டைவிரல் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். (அண்ணே, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது பிரீத்தி. கையெழுத்துக்கு நான் பொறுப்பு, வயிற்றெரிச்சலுக்கு அவர் பொறுப்பு.)

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும் புதிது வாங்கி, லேபிள் வரைகிற சாஃப்ட்வேரை ஏற்றப் போனால், ஆன்லைனில் கணக்குத் திறந்தால்தான் ஆச்சு என்கிறது. என் வீடு, என் மேசை, என் கரண்டு, ஆனால் நான் வாசலில் நின்று பெயர் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். பில்லில் எழுதுகிற மாதிரியே 'பொன்னுத்தங்கம் ஆப்செட்' என்று உன் அம்மா பெயரில் உள்ள நம் பிரஸ்ஸைப் போட்டேன். அடுத்து பிறந்த தேதி கேட்டது, பிரஸ்ஸுக்குத்தானே கேட்கிறது என்று 2016 விஜயதசமிக்குப் பூசை போட்டுத் திறந்த தேதியைக் கொடுத்தேன். உடனே எனக்கு ஒன்பது வயது என்று முடிவு கட்டி, பெற்றோரிடம் அனுமதி வாங்கி வா என்றுவிட்டது. தேதியைத் திருத்தப் பத்து நாளாகுமாம், சாஃப்ட்வேரைத் திறக்கக் காசு கொடுத்து வாங்கிய சாவி எண்ணும் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டதாம், வேறு கணக்கில் செல்லாதாம். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒம்பது வயசுக்கு இம்புட்டுத் தொந்தி ஆகாதுங்க" என்கிறாள். அவளுக்கு மெயில் கிடையாது. பிரீத்திக்குப் பதினேழுதான். (தத்தெடுக்க எனக்கு மனசிருந்தது, வயசு விடவில்லை.) ஆகவே பெற்றோர் என்ற இடத்தில் உன் மெயிலைப் போட்டிருக்கிறோம்.

அச்சங்குளம் முனியராஜ் கம்பெனியின் மத்தாப்பு லேபிள் வெள்ளிக்குள் போக வேண்டும். அவர் நேற்றே வந்து, "அண்ணாச்சி, பிந்துச்சுன்னா கண்ணுச்சாமி பிரஸ்ஸுக்குக் குடுத்திருவேன், கோவிச்சுக்கிடாதீக" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போனார். இந்த சீசனுக்கு நம் கையில் உள்ள பெரிய ஆர்டர் அது ஒன்றுதான். நாலு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் லேபிள் தாளின் பின்பக்கம் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறோம்.

இந்தக் குழந்தையை அனுமதிக்கிறீர்களா என்று உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். நன்றாக யோசித்தே அமுக்கு, வளர்ப்பது கஷ்டம். தை மாதம் நீ விமான நிலையத்தில் போய் நின்றுகொண்டு போலந்து போகிறேன் என்று அம்மாவுக்கு மட்டும் போனில் சொன்னாய், என்னிடம் அனுமதி கேட்கவில்லை. இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். ஒன்பது வயதுப் பையனுக்கு என்ன வெட்கம். நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று உடம்பைக் கெடுக்காதே. நன்றாக இரு, பத்திரகாளி துணையிருப்பாள். வெள்ளிக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் பொறுப்பில் உள்ள குழந்தை,
நல்லசிவம்

(அண்ணே, கடைசியாக அப்பா ஒன்று சொல்லிவிட்டு, "அத எழுதாத, அடிச்சிரு" என்றார். அவர் மெஷின் பக்கம் போனதும் எழுதுகிறேன்: "அவன் கேக்காட்டியும் நான் அன்னைக்கே அனுமதி குடுத்துட்டேன். ஓ.டி.பி.தான் அவனுக்குப் போய்ச் சேரல போல.")