உள்ளூர்க் குடும்பமொன்றுடன் மதிய உணவு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகள் துஷாந்தினிக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்காலையும் எங்கள் கட்டடத்தின் லிப்டையும் தவிர. மெல்பேர்னில் நீயும் மருமகன் கஜேந்திரனும் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொல்ல முடியாத விசயம் பிள்ளை. இந்த இரண்டு அறை வீட்டில் உன் கோல் வந்தால் அம்மா அடுப்படியில் நின்றபடியே ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுவார், பிறகு நான் எதை ஒளிக்கிறது, எங்கே ஒளிக்கிறது. அதனால்தான் தபால். மருமகனைத் தவிர வேறு ஒருவருக்கும் இதை வாசித்துக் காட்டாதே.

விசயம் நீ எனக்கு அனுப்பிய பயணத் திட்டம். கல்யாணம் முடித்துப் போன பிறகு இப்போதுதான் முதன்முதலாக இரண்டு பேருமாக வருகிறீர்கள், அந்தச் சந்தோசத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். செயற்கை அறிவுச் சாட்பொட்டிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் போட்டதென்று பெருமையாகச் சொல்லியிருந்தாய். ஐந்து நிமிடத்தில் போட்ட மாதிரித்தான் இருந்தது. சிகிரியாவுக்கு ஒரு நாள், எல்லவில் பாலத்தின் மேல் ரயில் போவதைப் பார்க்க ஒரு நாள், உடவளவையில் யானைக்கு இரண்டு நாள், மிரிஸ்ஸவில் திமிங்கிலத்துக்கு இரண்டு நாள். நீங்கள் கொழும்புக்கு வருகிற அன்று, மத்தியானம் பன்னிரண்டு தொடக்கம் இரண்டு வரை, வெள்ளவத்தையில் உள்ளூர்க் குடும்பமொன்றுடன் வீட்டுச் சாப்பாடு, விரும்பினால், என்று போட்டிருந்தது. யாரப்பா இந்த உள்ளூர்க் குடும்பம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன் மகள், பிறகுதான் விளங்கியது, நாங்கள்தான். யானைக்குப் பக்கத்தில் விரும்பினால் என்று இல்லை, திமிங்கிலத்துக்கும் இல்லை, எங்களுக்கு மட்டும் இருக்கிறது. திமிங்கிலமாவது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, வராவிட்டால் படகுக்காரன் கையை விரிப்பான். நானும் உன் அம்மாவும் மழையென்றாலும் வெயிலென்றாலும் வீட்டில்தான் நிற்போம், எங்களைப் பார்க்கத் தூரக்கண்ணாடியும் தேவையில்லை. சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குக் கோவில் தரிசனம் என்றும் ஒரு வரி. இரண்டு மணிக்கு நடை சாத்திப் பிள்ளையாரே நித்திரை, மருமகனுக்குச் செருப்பு வைக்கிற இடத்தைத்தான் காட்டலாம். இதையெல்லாம் அம்மாவுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் எத்தனை நாள் எங்களோடு நிற்பார்களாம் என்று அவர் கேட்டபோது, இன்னும் முடிவாகவில்லை என்று சமாளித்துவிட்டேன்.

போன வருடம், ஒவ்வொரு சின்னச் சின்ன விசயத்துக்கும் உன்னை எழுப்பிக் கேட்கிறேன் என்று அலுத்துப்போய், அதே சாட்பொட்டை என் போனிலும் நீதானே போட்டுத் தந்தாய். சரி, இந்த வேலையைச் செய்த ஆளையே கூப்பிட்டு விசாரிப்போம் என்று, நீ அனுப்பிய திட்டத்தை அதற்குள் போட்டுவிட்டு இறங்கினேன். புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணிமாருக்கு இலிகிதராக இருந்து காலம் முழுக்க வழக்குக் கட்டுச் சுமந்தவன், எனக்குக் குறுக்கு விசாரணை தெரியாதா. முதலில், வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளை தாய் தகப்பனோடு நிற்க வேண்டுமா இல்லையா என்று கேட்டேன். மிகச் சிறந்த கேள்வி என்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து இப்படியொரு மரியாதையை நான் கோட்டில் ஒரு நாளும் கண்டதில்லை, எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. பெற்ற தாயை விட யானை பெரிதா என்று கேட்டேன். மன்னிக்கவும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, பெற்றோருடன் செலவிடும் நேரம் விலைமதிப்பற்றது என்றது. வாயால் சொன்னால் போதாது, திட்டத்தைத் திருத்து என்றேன். கண்ணை மூடித் திறக்க முதல் திருத்தித் தந்துவிட்டது. யானையைக் காணோம், திமிங்கிலம் அரை நாளாகச் சுருங்கிப்போனது, வெள்ளவத்தையில் பெற்றோர் வீட்டில் ஆறு இரவு. விரும்பினால் என்ற சொல் போன இடம் தெரியவில்லை. நான் கேட்காமலே காலைக்கு இடியப்பமும் சொதியும் வேறு போட்டிருந்தது, அவ்வளவு நல்ல மனசு.

இனி நான் விட்ட பிழையைக் கேள், கேட்டுவிட்டுச் சிரி, ஆனால் கொஞ்சமாகச் சிரி. புதுக்கடையில் எதிராளியின் அப்புக்காத்து எழும்பி நின்று, கனம் நீதிபதி அவர்களே, நாங்கள் இணங்குகிறோம் என்று சொல்லிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது, பிறகு கட்சிக்காரன் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாலும் ஒன்றும் நடக்காது. உனக்குத் திட்டம் போட்டது இந்த ஆள், உன் சார்பில் என்னோடு கதைத்ததும் இந்த ஆள், அப்படியானால் இவர் இணங்கினால் நீ இணங்கினதுதானே. உனக்கும் அறிவித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் ஆறு இரவு என்று சொல்லிவிட்டேன். ஐயோ மகள், அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முழங்கால் நோ போன இடம் தெரியவில்லை. குளியலறைக் குழாயைத் திருத்த ஆள் பிடித்தார், மீன்காரனிடம் பாரைக்கும் இறாலுக்கும் சொல்லி வைத்தார், படியில் கண்ட ஒருவரையும் விடாமல் பிள்ளை வருகிறாள் என்று சொன்னார். எனக்கும் வழக்கு வென்ற நடைதான்.

அந்த நடையோடுதான், திருத்திய திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவோம் என்று கீழே அலவியின் கடைக்குப் போனேன், போட்டோகொப்பி எடுக்கிற, போனுக்கு ரீலோட் போடுகிற அந்த அலவிதான். அவர் தாளை வாசித்துவிட்டு, மகள் இதுக்கு ஓம் என்று சொன்னாவா என்று கேட்டார். மகளின் ஆள் ஓம் என்றுவிட்டது, மகள் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நான் சட்டம் கதைத்தேன். மனுசன் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார். "அய்யா, ஒங்கட போன்ல பேசினது ஒங்கட போனோட சரி. மகள்ட போனுக்கு அது போகாது. இது யாரு கேட்டாலும் சரின்டுதான் சொல்லும்" என்றார். நான் நம்பவில்லை. உடனே தன் போனை எடுத்து, தாய் தகப்பன் வீட்டில் நிற்கிறதைக் குறைத்துவிட்டு யானை பார்க்கப் போகலாமா என்று கேட்டார். அருமையான யோசனை என்று வந்தது பதில். அதே ஆள், அதே பணிவு, வெட்கம் என்பது கொஞ்சமும் கிடையாது. வழக்காளிக்கும் எதிராளிக்கும் ஒரே அப்புக்காத்து எழும்பி நின்றால் புதுக்கடையில் கறுப்புக் கோட்டைக் கழற்றி வாங்கியிருப்பார்கள். அலவி அச்செடுத்ததுக்குக் காசு வேண்டாம் என்றார், பாவம் பார்த்திருக்கிறார்.

எப்படியும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று மேலே ஏறினேன். படியில் வழியில்லை. லிப்ட் வேலை செய்யாததால் இரண்டு பேர் ஒரு பெரிய புது மெத்தையை வளைத்துப் பிடித்துக்கொண்டு திருப்பத்தில் மாட்டுப்பட்டு நிற்கிறார்கள், மேலே நின்று உன் அம்மா சிங்களத்தில் ஒருவனையும் தமிழில் மற்றவனையும் ஏசிக்கொண்டிருக்கிறார். நான் கட்டியிருந்த வேட்டியை மடித்துக்கொண்டு நானும் ஒரு கை கொடுத்தேன், வேறு என்ன செய்கிறது. அவர்கள் போன பிறகு அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் வாயைத் திறக்க முதலே, "ஆறு இரவு இல்லையெண்டு எனக்குத் தெரியுமப்பா. சம்பந்தியம்மா போனில சொன்னவ, கொழும்பில ஒரு இரவுதானாம். நீங்கள் சந்தோசமாச் சொன்னதால நான் ஒண்டும் கதைக்கேல்லை. ஒரு இரவெண்டாலும் பிள்ளையள் நிலத்திலயா படுக்கிறது?" என்றார்.

அந்த ஒரு இரவு காலிமுகத்திடல் பக்கம் ஹோட்டலில், கடல் தெரிகிற அறையில், என்று உன் திட்டத்தில் இருக்கிறது மகள். அதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது, அந்தக் கோபம் உன் மேலா, போன் மேலா, என் மேலா என்று எனக்கே விளங்கவில்லை. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். எங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டிருப்பாய், அது பார்க்கிற இடங்களைச் சொல்லியிருக்கும். எங்கள் வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லைதான். நீங்கள் சின்னப் பிள்ளைகளும் இல்லை, லீவு கிடைப்பதும் கஷ்டம், யானையைப் பாருங்கள், திமிங்கிலத்தைப் பாருங்கள், நான் இனி அவற்றின் மேல் வழக்கு வைக்கமாட்டேன். அந்த ஒரு இரவை மட்டும் ஹோட்டல்காரனிடமிருந்து வாங்கி அம்மாவுக்குக் கொடு.

இதைப் பற்றி மருமகனோடு இருந்து கதை, தயவுசெய்து போனிடம் கேட்காதே. கேட்டால் அது உடனே ஓம் என்றுவிடும், அந்த ஓம் எனக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. இது உன் வாயிலிருந்து வர வேண்டும் பிள்ளை. சரியென்றால் எனக்கு எழுத வேண்டாம், அம்மாவுக்கே கோல் எடுத்து, இரவு அங்கேதான் படுப்போம் என்று சொல். முடியாதென்றாலும் நீயே சொல், என்னைச் சொல்ல வைக்காதே.

அங்கே இப்போது குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். வரும்போது அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற மருந்தை மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் ஒற்றுமையாக வாழ வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா
வை. லோகேஸ்வரன்