எங்கள் பேஜில் அப்பா வண்டி ஓட்டுகிறார்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, எல் போர்டு மாட்டிய நம் கார் மூன்று பேரும் சுகம். அங்கே நீ சுகமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நகத்தைத் தின்கிறாயா என்று எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அடியே, போன் என் கையில் இருந்தால்தானே! உன் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து கமெண்டுக்குப் பதில் எழுதுகிறார். கொஞ்சம் கொடுங்கள் என்றால், இரு இரு, ஒருத்தர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்கிறார். கட்டின பெண்டாட்டி காத்திருப்பது கணக்கிலேயே இல்லை.

சில மாதங்களுக்கு முன்னால் பேசும்போது நீ சொன்னது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் ஈ ஓட்டியது போதும், காரை விற்றுவிட்டு ஒரேயடியாக இங்கே வந்துவிடுங்கள், டிக்கெட் எடுத்துவிடுகிறேன் என்றாய். உன் மேல் தப்பில்லை. எதிரில் கண்ணாடிக் கதவு போட்டுப் புது ஸ்கூல் வந்த பிறகு நம் வாசலில் செருப்புச் சத்தமே கேட்கவில்லை. ஆனால் நான் அங்கே வந்து என்ன செய்வேன் சொல்? பாடம் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு பிரேக் உண்டே, அதை மிதித்து மிதித்துப் பழகிய கால் இது. சோபாவில் உட்கார்ந்தாலும் தரையை மிதிக்கிறது. வேலையை விட்டால் நான் நான்காக மடிந்து மூலையில் உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்தே போனேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நம் ஸ்கூலுக்கு இணையத்தில் நீ பேஜ் ஆரம்பித்துக் கொடுத்தபோது என்னென்ன சொன்னாய்? விளம்பரத்தை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்காதே, முகத்தைக் காட்டு, கேள்வி கேள், யார் என்ன எழுதினாலும் பதில் எழுது என்றாய். நாங்கள் என்ன செய்தோம்? தினமும் காலை வணக்கம் என்று ஒரு ரோஜாப்பூ படம், அதற்குக் கீழே கட்டண விவரம். லைக் போடுகிறவர் பக்கத்துத் தையல்கடைக்காரர் ஒருவர்தான், அதுவும் நான் எட்டிப் பார்த்து முறைத்த பிறகு. அவர் ஒரு நாள் பூ நன்றாக இருக்கிறது என்று எழுத, அப்பா அதற்கு, தங்கள் மேலான கருத்து பெறப்பட்டது, இப்படிக்கு அலுவலகம் என்று பதில் எழுதினாரே பார்க்கணும். மனிதர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

சரி, முகத்தைக் காட்டுவோம் என்று ஒரு நாள் துணிந்தேன். கிளட்சை எப்படி மெதுவாக விடுவது என்று சொல்லி ஒரு வீடியோ எடுத்துப் போடுவதாக ஏற்பாடு. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே, மாணவர் ஒருவரும் இல்லை, அதனால் அப்பாவைப் பிடித்து ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன். இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியும் உன் அப்பா வண்டி ஓட்டினதில்லை, வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்று தட்டிக் கழித்தே காலத்தை ஓட்டிவிட்டார், உனக்குத் தெரியாததா. போனை முன்னால் மாட்டினேன். என் மூக்குக் கண்ணாடியோ தலைமேல் இருந்தது, அமுக்கியது எந்தப் பட்டன் என்று யார் கண்டது, அது அப்படியே நேரலையில் போய்விட்டது! எனக்குத் தெரியாது. அப்பா முன்னால் போக வேண்டிய வண்டியை ரிவர்ஸில் போட்டு ஒரே மிதி. நான் பிரேக்கை அமுக்குவதற்குள் தையல்கடைக்காரரின் பலகை மல்லாந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. காலா அது, உலக்கையா, கிளட்ச் என்ன உங்கள் எதிரியா, சம்பந்தி வீட்டுச் சண்டையா நடக்குது என்று பொரிந்து தள்ளிவிட்டேன். தையல்கடைக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், டீச்சரம்மா, எல்லாம் இதுல ஓடிட்டு இருக்குது, என் போர்டு முதல்ல நேர்ல விழுந்துச்சு, இப்பத்தான் போன்ல விழுது என்று அவர் கத்தினதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மானம் கப்பலேறிவிட்டது, சிட்டு!

அப்பா போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக்கூட வரவில்லை. ஊரே சிரிக்கிறதே, அழித்துவிடலாம் என்று நான் தடுமாறிக்கொண்டு நின்றேன். அப்புறம் பார்த்தால் உள்ளேயிருந்து சத்தமே இல்லை, எட்டிப் பார்த்தேன், மனிதர் ஒவ்வொரு கமெண்டாகப் படித்துக்கொண்டிருந்தார். சிரித்தவர்கள் நிறைய. அவர்களுக்கு நடுவில் ஒரு நர்ஸம்மா எழுதியிருந்தாள், லைசென்ஸ் வாங்கியும் பயத்தில் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை, நான் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட்டேன், இன்றைக்குச் சாரைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கிறது என்று. அப்பா அலுவலகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முதல் தடவையாகத் தன் பேச்சில் பதில் எழுதினார். எனக்கும் கால் நடுங்குதும்மா, ஆனா நாளைக்கு மறுபடி உட்காரப் போறேன், நீங்களும் பாருங்க. அவ்வளவுதான் எழுதினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது பார். தினமும் சாயங்காலம் அப்பாவின் பாடம். கடைசியில் நீ சொன்ன மாதிரி ஒரு கேள்வி, நாளைக்குச் சார் எந்தப் பக்கம் இடிப்பார்? இடமா வலமா என்று அடித்துக்கொள்கிறார்கள்! வாளிகளை வரிசையாக வைத்து வண்டி நிறுத்தப் பழகினால், எந்த வாளி தப்பும் என்று அதற்கொரு பந்தயம். நான் கொஞ்சம் நாகரிகமாகப் பேசலாமே என்று ஒரு வாரம் தேன் ஒழுகப் பேசிப் பார்த்தேன், பார்க்கிற கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. பழைய டீச்சரம்மா எங்கே, உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள். போதும்டா சாமி என்று என் சொந்த வாய்க்கே திரும்பிவிட்டேன். ஆனால் ஒன்று கேள், சிரிக்க வந்த அத்தனை பேரில் ஒருவரும் படிக்க வரவில்லை. போனில் திருவிழாக் கூட்டம், ஆபீஸில் காலி நாற்காலி. அப்போதுதான் ஒரு நாள் அந்த நர்ஸம்மா டியூட்டி முடிந்த கையோடு வந்து நின்றாள், சார் பக்கத்துல இருந்தாத்தான் ஓட்டுவேன் என்றாள். அப்பா பின் இருக்கையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பயந்தார். அவளைப் பார்த்து பேக்கரிக்கார அம்மா வந்தாள், அப்புறம் ரிட்டையர் ஆன போஸ்ட்மாஸ்டர், அப்புறம் அவருடைய அண்ணி. எதிர் ஸ்கூலுக்கு இளசுகள் போகட்டும், பயப்படுகிறவர்கள் எல்லாம் நம்மிடம் வருகிறார்கள். பயப்படுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியுமா! கார் சூடு ஆற நேரமில்லை.

அப்பாவின் டெஸ்டைச் சொல்லாமல் முடிப்பேனா. முதல் தடவை ஃபெயில். எதனால் என்கிறாய்? ஓட்டத் தெரியாமல் இல்லை, வழியெல்லாம் நம் பேஜைப் பார்க்கிறவர்கள் சார் சார் என்று கை ஆட்ட, இவர் மரியாதை தெரிந்தவராயிற்றே, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கை ஆட்டினாராம். பக்கத்தில் இருந்த ஆபீசர், ஐயா வணக்கத்தை இறங்கி வெச்சுக்கலாம் என்று சொல்லி இறக்கிவிட்டார். இதை மறைத்துவிடலாம் என்றேன். கூடாது, பார்க்கிறவங்ககிட்ட என்ன ஒளிவுமறைவு என்று அவரே உட்கார்ந்து சொல்லி, அடுத்த டெஸ்ட் அன்றைக்குத் தயவுசெய்து யாரும் கை ஆட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சிட்டு, அன்றைக்கு நான் ஓரமாக நின்று பார்த்தேன். தெரு நெடுக ஆட்கள். தையல்கடைக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நர்ஸம்மா பைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள். போஸ்ட்மாஸ்டரின் ஒரு கையை அவர் அண்ணி பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு விரல் அசையவில்லை. அந்த மௌனத்துக்கு நடுவில் உன் அப்பா கழுத்தைத் திருப்பாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். பாஸ்! அவர் இறங்கினதும் எழும்பிய சத்தத்தில் எதிர் ஸ்கூல்காரர்கள்கூடக் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்து கை தட்டினார்கள்.

அதனால் கண்ணு, காரை விற்கவில்லை, நாங்கள் வரவில்லை. எங்களுக்கு எடுப்பதாக இருந்த டிக்கெட்டை உனக்கு எடு. ஊருக்கெல்லாம் பேஜ் வளர்க்கிறவள் பெற்றவர்கள் பேஜை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டாய், நேரில் வந்தாவது பார். உன்னைப் பார்க்காமல் கண் பூத்துப்போய்க் கிடக்கிறேன், அதை எந்தக் கூட்டமும் ஈடு செய்யவில்லை. நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையும் மனசுக்குப் பிடித்த மனிதர்களுமாக நீ நிறைந்து வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். குளிர் நாளில் காதை மூடிக்கொள். விமான நிலையத்திலிருந்து உன்னை அழைத்து வர அப்பாதான் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், முயற்சி செய்வேன். ஒன்றே ஒன்று மறக்காதே. எங்களை எவ்வளவு தூரத்தில் பார்த்தாலும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அவர் வண்டியை நிறுத்தும்வரை கை ஆட்டிவிடாதே.

ஆசை முத்தங்களுடன்
உன் அம்மா,
போனுக்காக வரிசையில் நிற்பவள்