டோக்கன் இல்லாத வண்டி

வண்டிக் கண்ணாடியில் உன் டோக்கன் தொங்குகிறது. ஜன்னலைச் சாத்தினால் அதன் வாடை வண்டி முழுக்க நிறைந்துவிடுகிறது. பழைய தோலும் ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்த வாடை, எத்தனை வருஷம் ஆனாலும் போகாது போலிருக்கிறது. ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர் தாண்டி, சாலையோரம் அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன். ஓட்டி வந்தது நான்தான். நீ நம்பியிருப்பாய். ஊரில் வேறு யாரும் நம்பவில்லை.

ஷூ கம்பெனியில் நம் லைனில் எல்லோருக்கும் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்த கை இது. உனக்கு மட்டும் எழுதியதில்லை. நீ லீவு கேட்கவே மாட்டாய், நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். இந்த ஒரு தடவைதான் சொல்லாமல் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டோக்கனை இப்போது பார்த்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டிய தடித்த தோல், வெள்ளை பெயிண்டில் நம் லைன் நம்பர், மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைன் நம்முடையது, அத்தனை பேரும் பெண்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே டோக்கன். ஆணி காலியாக இருந்தால் போனவள் திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமல் வரப் பழகினோம். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு மெஷினில் நூல் கோர்க்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தந்தோம்.

நீ வேலையை விட்ட நாள் லைனுக்கே திருவிழா. அன்று நீ இரண்டாவது தடவை ஆணிப் பக்கம் போனபோது சூப்பர்வைசர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டிமா போவ?"

"எங்க வூட்லயே இத யாரும் எண்ணினது இல்ல சார்" என்றாய். டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாத்ரூம் பக்கம் திரும்பாமல், நேராக கேட்டுக்கு நடந்தாய். வாட்ச்மேன் பாவம், வழி தவறிவிட்டாய் என்று நினைத்து, "பாத்ரூம் அந்தாண்ட இருக்குதுமா" என்றார். "நான் எங்க வூட்டு பாத்ரூமுக்குப் போறேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், திரும்பவே இல்லை. மறுநாள் லைனில் டோக்கனைத் தேடி ஒரே பேஜார். கடைசியில் பிளாஸ்டிக்கில் புதிதாக இரண்டு வந்தன. உன்னால் லைனுக்கு ஒன்று ஜாஸ்தியானது. வருகிற பெண்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்புறம் நீ குட்டியானை லோடு வண்டி ஒன்று வாங்கினாய். வெட்டிய தோலை மூட்டை கட்டி ஊர் ஊராகப் பெண்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், கையால் தைத்து முடித்ததைத் திரும்ப ஏற்றிவந்து கம்பெனிகளில் போடுவதும் உன் தொழிலானது. அதன் கண்ணாடியில் இந்த டோக்கனை மாட்டியிருந்தாய். திருஷ்டிக்கா என்று கேட்டவர்களிடம், "இது என் தோஸ்த்" என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பாலாற்றுக்கு இழுத்துக்கொண்டுபோய் ஸ்டியரிங்கில் உட்கார வைத்தாய். நான் பயந்தால் திட்டுவாய். "ஆத்துல தண்ணியே இல்ல, முழுகிப் போய்டுவியா? ஓட்டுடீ."

கேன்டீன் ஜன்னலில் தெரிகிற மலையைப் பார்த்துப் பார்த்தே நாம் சோறு தின்றோம். "ஆலங்காயத்துல ஏறி, அமிர்தில இறங்கி, வேலூர் வழியா வூடு வந்து சேரணும்டீ, ஒரே சுத்து" என்பாய். ஆனால் போகவில்லை. கம்பெனி டூர் ஒன்று போனோமே, அது போதும் என்றாகிவிட்டது. ஆண்கள் நினைத்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போனார்கள். நாம் உதட்டைக் கூட நனைக்காமல் உட்கார்ந்திருந்தோம். போய்ச் சேர்ந்த இடத்தில் நீ மயங்கி விழுந்தாய். அதற்குப் பிறகு உனக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தன. வேலூரில் டாக்டரம்மா, "நிறைய தண்ணி குடிங்க, அடக்கவே கூடாது" என்றார்.

"வண்டி ஓட்டுற பொம்பள எங்க மேடம் போறது? நீங்களே ஒரு இடம் சொல்லுங்க" என்று கேட்டாய். அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். வெளியே வந்த பிறகு என் காதில் சொன்னாய்: "பாவம்டீ. அந்தம்மா டேபிள்ல தண்ணி பாட்டில் இருந்துது, மூடியே தொறக்கல."

பிரியாணிக் கடை வாசலில் நின்ற கேம்பர் வேனை நீ பார்த்தது அப்புறம்தான். பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ போய் வண்டியைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். உனக்குக் கூச்சம் என்பது என்றைக்கு இருந்தது? அங்கிருந்தே எனக்கு போன் செய்தாய். "படுக்க பெட்டு இருக்குது, அடுப்பு இருக்குது, அதெல்லாம் வுடு. உள்ளயே பாத்ரூம் இருக்குதுடீ. கதவு வேற. நாம போறோம்."

வாடகைக்கு விடுகிற ஓனரிடம் நீ பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். அவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார்.

"எல்லாம் ஓகே மேடம். ஜென்ட்ஸ் யார் வர்றாங்க?"

"யாரும் வர்ல சார்."

"மலை ரோடு மேடம், அதான் கேக்கறேன்."

"உங்க வண்டிக்கு லைசென்ஸ் வேணுமா, மீசை வேணுமா? லைசென்ஸ் எங்க ரெண்டு பேர்ட்டயும் இருக்குது."

அந்தப் பக்கம் அவரே சிரித்துவிட்டார்.

குறித்த நாளுக்கு முன்பே நீ போய்விட்டாய். மத்தியானம் மூட்டை இறக்கிவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். இவ்வளவு வண்டி ஓட்டினவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, பெண்களை வழக்கம்போல் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். உன் கூடவே கடைசிவரை வந்திருக்க வேண்டியவள் நான். வரவிடவில்லை. அங்கே நின்று நான் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குட்டியானையை உன் அண்ணன் எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் தொங்கியதை மட்டும் நான் கேட்டேன். "இந்தக் குப்ப இன்னாத்துக்குமா?" என்று கழற்றிக் கொடுத்தார்.

ஓனர் போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்பட்டார். "அப்ப கேன்சல் பண்ணிடட்டுமா மேடம்?" என்றார். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பண்ணச் சொல்லித் தலையாட்டினார். நம்மோடு வருவதாக இருந்த லைன் பெண்கள் ஏற்கெனவே ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கழன்றுகொண்டிருந்தார்கள். நான் மலைச் சாலையில் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஆம்பூரைத் தாண்டியே ஓட்டியதில்லை. கேன்சல் செய்ய எல்லா நியாயமும் இருந்தது. வேண்டாம், வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "செத்தவ ஆசப்பட்டு புக் பண்ண வண்டி அது. அவ வந்து ஏறி உக்காந்துக்குவா, சொல்ட்டேன்."

"உக்காரட்டும். அவ சீட்டுதான் அது."

அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். இன்று காலையில் ஓனரே வண்டியைக் கொண்டுவந்து பைபாஸில் நிறுத்தியபோது, வீட்டுக்காரர் குடிதண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். உள்ளே வைத்தார். "பாத்து போ" என்றார். அவருக்கு அது ரொம்ப ஜாஸ்தி. ஓனர் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுக் கடைசியில், "பாத்ரூம் அவசரத்துக்கு மட்டும் மேடம், தொட்டி சின்னது" என்றார். "அவசரம் இல்லாம யார் சார் போவா?" என்று கேட்டேன். என் வாயில் நீ பேச ஆரம்பித்துவிட்டாய் என்று அப்போதே தெரிந்தது.

ஆனால் கேள். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். வாணியம்பாடி தாண்டி, ஆலங்காயம் தாண்டி, மலை ஏற ஆரம்பித்துவிட்டேன். ஒரு வளைவில் பஸ் எதிரே வந்து, ஹாரனை அடித்துக்கொண்டே ஒதுங்கினேன். அடிவயிறு வலித்தது. பயம் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு வளைவு போன பிறகுதான் புரிந்தது. நான் அடக்கிக்கொண்டு ஓட்டுகிறேன். காலையிலிருந்து ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்து சீட்டில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று காதிலேயே கேட்டது. பின்னாடி பாத்ரூம கட்டி இழுத்துனு போற, இன்னாத்துக்குடீ அடக்கினு போற? யாரு ஆணில மாட்டி வெச்சிருக்காங்க?

ஓரங்கட்டி நிறுத்தினேன். உள்ளே போனேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். சின்ன ஜன்னல் வழியாக மலை தெரிந்தது, கேன்டீனில் இருந்து பார்த்த அதே மலை, இப்போது அதன் மேலேயே இருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. தெருமுனையில் வராத அழுகை, வாய்விட்டு அழுதேன். அழுதுவிட்டு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட்டேன்.

இதுவரை எழுதியபோது பின்னால் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. மீதியை இப்போது எழுதுகிறேன்.

ஆண்கள் இறங்கிச் சாலையோரம் திரும்பி நின்றார்கள். பெண்கள் இறங்கிப் புதரைப் பார்த்தார்கள், சாலையைப் பார்த்தார்கள், திரும்ப பஸ் ஏறப் போனார்கள். "கீழ போனா பெட்ரோல் பங்க் இருக்குது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார் டிரைவர். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இறங்கிப் போய், என் வண்டியில் பாத்ரூம் இருக்கிறது, வாங்க என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நம் வயதுப் பெண் ஒருத்தி மட்டும் வந்தாள். படியில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"சாவி யார்ட்டங்க கேக்கணும்?"

"யாரையும் கேக்க வேணாம்மா. தொறந்துதான் இருக்குது, போங்க."

அவள் வெளியே வந்த முகத்தைப் பார்த்து மற்றவர்களும் வந்துவிட்டார்கள். இப்போது வண்டிக்குப் பக்கத்தில் வரிசை நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும். தொட்டி நிறைந்தால் ஓனர் கோபித்துக்கொள்வார். நீ என்றால் என்ன பதில் சொல்வாயோ அதையே சொல்லிக்கொள்கிறேன்.

வரிசை முடிந்ததும் கிளம்ப வேண்டும். அமிர்தி இறக்கம் இன்னும் மோசமாக இருக்கும் என்று டிரைவர் என்னிடம் சொன்னார், திரும்பிப் போய்விடச் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ சொன்ன வழியில்தான் இறங்குவேன். உன் டோக்கனைக் கண்ணாடியிலிருந்து கழற்றி, நீ கேட்டைத் தாண்டியபோது மாட்டியிருந்த மாதிரி, கழுத்தில் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் உன் சீட்டில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டே பாதி குடித்துவிட்டேன்.