மூடிமேல் சிங்கம்

ஜூன் 3, செவ்வாய்

அனல். சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. கொடியில் காய்ந்த வேட்டி மறுபடி வாளிக்கு.

மருமகள் ஸ்டெல்லா வரவழைத்த ஆள் வந்தார். புதுச்சேரி. பழம்பொருள் சேகரிப்பாம். கையுறை, பூதக்கண்ணாடி. பார்க்க வந்தது அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த சீன வெண்கலத் தூபக்கால். அடியிலுள்ள ஆறு எழுத்தைக் காட்டி, "ராஜா முத்திரைங்க ஐயா" என்று எனக்கே பாடம். பின்னால் வந்தவனெல்லாம் அதே முத்திரையைக் குத்தினான் என்றேன். எங்கே படித்தீர்கள் என்றார். அரியலூர் நூலகம், கடைசி பெஞ்சு.

"மூடிமேல சிங்கம் இருக்கு பாருங்க, வாய் வழியாப் புகை வரும். அதான் உசுரு. அது இல்லன்னா தொடவே மாட்டேன்."

விற்பதற்கில்லை என்றேன்.

வாங்க வேண்டியவை: இருமல் மருந்து, பேனா ரீஃபில் 2.

ஜூன் 5, வியாழன்

ஸ்டெல்லா வாய், ஊருக்கே செய்தி. எங்கள் மாதா கோவில் கமிட்டித் தலைவன் அந்தோணி வந்தான், பின்னால் இரண்டு வால்.

"பெரிப்பா, தாத்தா கோவிலுக்குக் குடுத்ததுல்ல அது? கோவில் சொத்துங்க."

கொடுத்தது உண்மை. சிங்கம் பேய்த்தலை என்று சொல்லி, அன்று கோவில் காரியம் பார்த்த கோயில்பிள்ளையான இவன் அப்பன், அதைக் கோணியில் சுற்றி எங்கள் வாசலில் போட்டுப் போனதும் உண்மை. அப்பா பிறகு சாகும்வரை கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பூசை. மழையிலும். நான் மட்டும் வெட்கமில்லாமல் உள்ளே உட்கார்ந்துவந்தேன்.

ஞாயிறு பூசையில் சிங்கத்தோடு பீடத்தின்முன் வைத்துப் புகை போடு, அப்புறம் கோவில் சொத்து என்றேன்.

"சனங்க ஏத்துக்காது பெரிப்பா. புதுச்சேரிக்காரருக்குத் தள்ளிட்டா கோபுர வேலைக்காவது ஆவும்."

ஆக, சிங்கம் விற்க ஆகும், கோவிலுக்கு ஆகாது. மடையன்கள்.

ஜூன் 7, சனி

மருந்து வாங்க மறந்தது. ஸ்டெல்லா: "குடுத்துத் தொலைங்க மாமா. நாளைக்கி நீங்க போனா கோவில் மணி கூட அடிக்க மாட்டானுங்க."

அடிக்க வேண்டாம். எனக்குக் கேட்கவா போகிறது?

ஜூன் 8, ஞாயிறு

பரணில் அந்தக் கோணி. அப்பா எறியவே இல்லை. தூபக்காலை அதிலேயே சுற்றினேன். பூசை முடிந்து சனம் கலையுமுன், வேப்பமரத்தடியில் வைத்து அந்தோணி கையில் கொடுத்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. அவிழ்க்குமுன்பே புதுச்சேரிக்குப் போன். அவிழ்த்தான்.

"மூடி எங்க பெரிப்பா?"

"ஒங்கப்பன் ஆவாதுன்னது சிங்கந்தானடா? ஆவறத மட்டும் கொண்டாந்தேன்."

கூட்டத்தில் எவளோ சிரித்தாள்.

ஜூன் 9, திங்கள்

தூறல், நாலு சொட்டு. புதுச்சேரிக்காரர் போனில், மூடி மட்டுமாவது என்று இழுத்தார். வைத்துவிட்டேன். சிங்கம் இந்த நோட்டின்மேல், காகிதம் பறக்காமல்.

இனி ஞாயிறுகளில் மரத்தடிதான். அப்பா போல நிற்க முழங்கால் விடாது. வாங்க வேண்டியது: பிளாஸ்டிக் நாற்காலி 1.