வாயை ஊது

ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூக்காயி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். போனில் நான் கத்துவதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் நமக்குள் ஏதோ சண்டை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் நமக்குக் கடிதமே சரி.

நீங்கள் இங்கே வர டிக்கெட் போட்டாகிவிட்டது. ஒரே ஒரு சங்கடம், நீங்கள் வரும் நேரம் எங்களுக்கு அறுவடை நேரம். திராட்சை லாரி லாரியாக வந்து இறங்கும். லீவு என்று வாயெடுத்தாலே முதலாளியம்மா முகம் கோணும். சனிக்கிழமையும் வேலை உண்டு. அன்று நீங்கள் வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று ஒரு யோசனை. இங்கே ஒயின் ருசி பார்க்க ஒருநாள் சுற்றுலா போவது ரொம்பப் பிரபலம். காலையில் பஸ் ஏறினால் தோட்டம், ஆலை எல்லாம் காட்டிவிட்டு மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதிப் பேர் போட்டோ எடுக்கத்தான் வருகிறார்கள்.

இதோடு மூன்று நோட்டீஸ் வைத்திருக்கிறேன். ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். முதலாவது ஆற்றங்கரைத் தோட்டங்கள். இரண்டாவது ஒரு பழைய பெரிய ஆலை, தரைக்குக் கீழே நிலவறையெல்லாம் உண்டு. மூன்றாவது மலைமேல் இருக்கும் சின்ன ஆலை. அதுதான் நான் வேலை செய்யும் இடம்.

மூன்றாவதையே எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செய்தி. சென்ற அறுவடையில் முதன்முதலாக ஒரு ஒயினை முழுக்க என் பொறுப்பில் விட்டார்கள். எந்தச் சரிவின் பழம், எவ்வளவு ஊற வேண்டும், எந்தப் பீப்பாய், எப்போது பாட்டிலில் அடைப்பது, எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். அது இப்போது ருசி பார்க்கும் மேஜைக்கு வந்துவிட்டது. வருகிறவர்களுக்குக் கடைசியாக அதைத்தான் ஊற்றுகிறோம். சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

யோசித்து எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 17

அன்பு மூக்காயிக்கு,

இங்கே என் காது இரண்டையும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

நோட்டீஸ் மூன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அதை அச்சடித்தவனுக்கு பஸ்ஸைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் திராட்சைக் குலையைப் போட்டவன், ஒரு படத்திலாவது டயரைக் காட்டக் கூடாதா? முதலாவது நல்ல ரோடு. ஆறு கூடவே வருகிறது, சீட்டும் சாய்கிறது. இரண்டாவதில் நிலவறைக்குப் படி இறங்க வேண்டும், என் முட்டி ஒத்துக்கொள்ளாது. மூன்றாவதுதான் வில்லங்கம். வழி நெடுகக் கொண்டை ஊசி வளைவு. அந்த நீள வண்டியை அங்கே திருப்ப டிரைவருக்குக் கையில் வித்தை வேண்டும். வேறு ஒருத்தர் ஓட்டி நான் மலை ஏறினால் என் கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அதனால் முதலாவதற்கே பதிவு செய்துவிடு.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீ சும்மா விடமாட்டாய், எனக்குத் தெரியும்.

என் சர்வீஸ் முழுக்க, காலையில் பஸ்ஸை எடுக்கும் முன் டிப்போவில் டைம்கீப்பர் ஜன்னலில் போய் நிற்க வேண்டும். "வாயை ஊதுய்யா" என்பார். ஊதினால்தான் சாவி கைக்கு வரும். முந்தின நாள் குடித்தவனெல்லாம் ஏலக்காயை மென்றுகொண்டு முழிப்பான். என்னைப் பார்த்து அவர் ஒரு நாள்கூட மூக்கைச் சுளித்ததில்லை. நான் ரிட்டயர் ஆன அன்று அவரே மைக்கைப் பிடித்து, "இந்த ஆளு ஊதினா பல்பொடி வாசனை மட்டும்தான் வரும்" என்றார். டிப்போவே கை தட்டியது. விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த மெடலைவிட எனக்கு அதுதான் பெரிது. ஒரு சொட்டு என் தொண்டையில் இறங்கியதில்லை. அந்தப் பேரோடு போய்ச் சேர வேண்டும் என்று ஆசை.

உன் வேலையை நான் குறை சொல்லவில்லை. டிப்போ வாசல் பெஞ்சில் யார் கேட்டாலும், "பழச்சாறு ஆலையில பெரிய பொறுப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மைதானே. கோபித்துக்கொள்ளாதே.

அப்பா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டபடி முதலாவதற்கே பதிவு செய்துவிட்டேன். ஆற்றுப் பக்கத்து ஜன்னல் சீட். முட்டிக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

பழச்சாறா அப்பா? தலைகீழாக நின்று படித்து, பீப்பாய் கழுவுவதில் ஆரம்பித்து, இங்கே ஒவ்வொருவரிடமும் முட்டி மோதி வாங்கிய பொறுப்பு இது. பழச்சாறு!

சின்ன வயதில் நீங்கள் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால், நான் அதை மோந்து பார்த்து, "அப்பா இன்னைக்கு மலை ரூட்டு" என்பேனே, ஞாபகம் இருக்கிறதா? பிரேக் கருகிய வாசனை. அழுக்குச் சட்டையை மோந்து பார்க்கிறதே இந்தச் சனியன் என்று அம்மா அடிக்க வருவாள். நீங்கள்தான் குறுக்கே நின்று, "என் பொண்ணு மூக்கைப் பாருடி" என்பீர்கள். தெருவெல்லாம் சொல்லி, மூக்காயி என்று பேரும் வைத்தீர்கள். அந்த மூக்குக்குத்தான் இவர்கள் சம்பளம் தருகிறார்கள். மூக்கை ஊருக்கெல்லாம் சொன்னவர், அது செய்து காட்டிய வேலையை மட்டும் மறைக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தொழிலில் யாரும் விழுங்குவதில்லை. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வாளி இருக்கும். ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, மூக்கு வழியாக மூச்சு விட்டு, வாளியில் துப்பிவிட வேண்டும். அதுதான் முறை. காலையிலிருந்து வரிசையாகப் பீப்பாய் பீப்பாயாக ருசி பார்க்கிறவள் விழுங்கினால் என்ன ஆவது? துப்பக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் எல்லாம் என் சட்டைமேல்தான். இப்போது நின்ற இடத்திலிருந்தே குறி தப்பாது. நீங்கள் சொன்ன அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் நான்தான் கார் ஓட்டி இறங்குகிறேன், தெளிவான தலையோடு. நம் வீட்டில் ஒருவருக்குத்தான் அந்தப் பெருமை என்று நினைக்க வேண்டாம்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

மகள்


செப்டம்பர் 5

மூக்காயிக்கு,

அந்த மூன்றாவது பஸ்ஸின் டிரைவருக்கு எத்தனை வருஷ சர்வீஸ்? பிரேக் கடைசியாக எப்போது பார்த்தார்களாம்? டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட் காலியாக இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்புறம், நாலு பேர் மத்தியில் வாளியில் துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்களா என்பதையும் எழுது.

மாத்திரை போடுகிறேன்.

அப்பா


செப்டம்பர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

டிரைவருக்கு இருபது வருஷ சர்வீஸ். பிரேக் போன மாதம் மாற்றியிருக்கிறார்கள். நான் நேரில் போய் விசாரித்தேன். "யாரு கேக்கறாங்க?" என்றார். "எங்கப்பா, அவரும் டிரைவர்தான்" என்றேன். உடனே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வண்டிக்கு அடியிலேயே கூட்டிப்போய் டார்ச் அடித்துக் காட்டிவிட்டார். என் புதுப் பேன்ட் போயே போச்சு.

அவருக்குப் பின்னால் உள்ள சீட் உங்களுடையது. மாற்றிவிட்டேன்.

துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விஷயம் தெரிந்த மனுஷர் என்று ஒதுங்கி வழி விடுவார்கள்.

உங்கள் மூக்காயி


அக்டோபர் 19

அன்பு மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த பாட்டில்களில் ஒன்றும் உடையவில்லை, பெட்டிதான் நசுங்கிவிட்டது. வீட்டைத் திறந்ததும் தூசு தும்மல் போட வைத்தது. இப்போது எல்லாம் சரி.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்றை எழுத வேண்டும்.

அந்த டிரைவர் நல்ல கைக்காரர். மேலே போகும்போது இரண்டே இடத்தில்தான் என் கால் பிரேக்கை மிதித்தது. ஆலைக்குள் வந்தால், நீ நீலக் கோட்டு போட்டுக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய். நீ பேசியது எனக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. விழுந்தாலும் அந்த பாஷை எனக்குப் புரியப்போவதில்லை. ஆனால் அத்தனை பேரும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தலை வெளுத்த ஒரு பெரிய மனுஷர் உன்னிடம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை தூக்கிச் சந்தேகம் கேட்டார். எனக்கு அப்போதே கண் நிறைந்துவிட்டது. சளி என்று உன்னிடம் சொன்னது பொய்.

முதல் கோப்பையை என் செருப்பில் துப்பினேன். இரண்டாவது வாளிக்குள் நேராகப் போனது, நீ கை தட்டினாய். இதுவரைதான் உனக்குத் தெரியும். மூன்றாவதை ஊற்றும்போது, லாரி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டு நீ பின்னால் ஓடிவிட்டாய்.

டிரைவர் என் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். அவர் பாட்டிலைக் காட்டினார், நீ போன கதவைக் காட்டினார், கட்டை விரலைத் தூக்கினார். இது உன்னுடையது என்று புரிந்தது. நீ சொல்லிக் கொடுத்தபடி ஒரு வாய் எடுத்துப் புரட்டினேன். முதலில் புளிப்பு, அப்புறம் லேசாக ஒரு கசப்பு. அதற்கு அப்புறம் வந்ததற்கு எனக்குப் பேர் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். வாளி காலடியில்தான் இருந்தது. குனிந்தேன். ஆனால் துப்ப முடியவில்லை. மற்றவன் செய்ததைத் துப்பலாம். என் பிள்ளை செய்ததை எப்படித் துப்புவேன்? விழுங்கிவிட்டேன். தெரியாமல் இறங்கியதில்லை, தெரிந்தேதான் விழுங்கினேன். டிரைவர் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டு ஒரு சல்யூட் வைத்தார். சாயங்காலம் நீ, "வாளி ஒதவிச்சாப்பா?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன்.

நேற்று டிப்போ பெஞ்சில் எல்லோரும் இருந்தார்கள். "பழச்சாறு ஆலை எப்படிய்யா இருக்கு?" என்றான் ஒருத்தன். "பழச்சாறு இல்ல, ஒயின். என் பொண்ணுதான் அதைச் செய்றா. நானும் குடிச்சேன்" என்றேன். பெஞ்சே என் பக்கம் திரும்பியது. நம் டைம்கீப்பர் இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். அவர் மெதுவாக எழுந்து என் எதிரில் வந்து, "எங்க, வாயை ஊதுய்யா" என்றார்.

குடித்தது எத்தனையோ நாளைக்கு முன்னால், வாசனை எங்கே மிச்சம் இருக்கப்போகிறது? ஆனாலும் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக நன்றாக ஊதினேன்.

இப்படிக்கு,
மூக்காயியின் அப்பா