ஊக்குகளைக் கழற்றிவைத்த அறை

இன்று காலை ரசத்துக்குத் தாளிக்கும்போது கரண்டியிலிருந்து ஒரு கடுகு தெறித்துத் தரையில் ஓடியது. பெருங்காய வாசனை வளவு முற்றம் வரைக்கும் போய்விட்டது. நான் அடுப்பைக்கூடக் கவனிக்காமல் அந்தக் கடுகைத் தேடிக் குனிந்துவிட்டேன். நம் வீட்டு ஆத்தங்குடிக் கல்லில் பூவும் கொடியுமாக இருக்கிற சித்திரத்துக்குள் ஒரு கடுகு விழுந்தால் அகப்படுமா? ரசம் பொங்கி அடுப்பு அவிந்த பிறகுதான் நிமிர்ந்தேன். போனது ஒரே ஒரு கடுகு. அதற்காக அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரிக்கவாவது ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் போனதிலிருந்து சண்டை போட ஆள் இல்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊருக்குக் கடுகு என்பது தாளிக்கிற சாமான். நமக்கு அது ஒரு எடை. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த நீங்கள், பூமி இழுக்கிற இழுப்பை மனுஷனால் கொஞ்சமாவது தளர்த்த முடியும் என்று நம்பினீர்கள். எதிரீர்ப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தீர்கள். செப்புக் கம்பி சுற்றிய ஒரு வட்டைத் தராசின் ஒரு பக்கம் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சிச் சுழலவிடுவீர்கள். சுழலச் சுழல அந்தப் பக்கம் இலேசாக மேலே எழும்பும். எழும்பின பக்கத்தில் ஒரு கடுகை வைத்தால் முள் நடுவுக்கு வந்து நிற்கும்.

"பாத்தியா மீனா, ஒரு கடுகளவு குறையுது. இன்னைக்குக் கடுகு குறைஞ்சா நாளைக்கு மலை குறையும்."

"மலை கெடக்கட்டும். மொதல்ல அந்த அரிசி மூடையைக் குறைச்சுத் தாரீகளா? இடுப்பு ஒடியுது" என்பேன். கடகடவென்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் இரண்டு கிண்டல் சேர்த்துச் சொல்வேன்.

இந்தப் பித்துக்குக் கல்லூரியில் மேசை கிடையாது என்று துறைத் தலைவர் கையை விரித்ததால்தான், இந்தப் பெரிய வீட்டில் நம் பங்குக்கு வந்த உள்ளறையில் தராசை வைத்தீர்கள். வீட்டில் எழும்பிய வட்டைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் அது அசையவில்லை. ரோட்டில் லாரி போகிற அதிர்வு என்றீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "அவுக வீட்டை மட்டும் பூமி இழுக்காதாக்கும்" என்று உங்கள் பங்காளிகளே சொன்னார்கள். உங்களுக்குக் 'கடுகு வாத்தியார்' என்று பெயர் வந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நான் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

அந்த அறைக்கு நீங்கள் வைத்த சட்டம் அப்படி ஒரு சட்டம். வட்டில் மின்சாரம் ஓடும்போது அது காந்தம் மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் இரும்பு இருந்தால் இழுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும் என்று, துளி இரும்பு உள்ளே வரக்கூடாது என்றீர்கள். கட்டில் வெளியே போனது. கதவின் இரும்புத் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டுப் பித்தளையில் போட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நம் வள்ளி ஜாமெட்ரி பாக்ஸை வாசலிலேயே வைக்க வேண்டும். எனக்கோ, தாலிச் சங்கிலியில் நாலு ஊக்கு எப்போதும் தொங்கும். எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் தொங்காது? காப்பி கொண்டுவந்தால், "ஊக்கைக் கழட்டி அங்குட்டு வச்சிட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கழற்றி நிலைப்படி ஓரத்தில் வைத்துவிட்டு, "இரும்பு ஒன்னும் இல்லை, வரலாமா?" என்று கேட்பேன். "வா, வா" என்பீர்கள். காப்பி ஆறிப்போயிருக்கும்.

அவ்வளவு பார்த்த மனுஷன் தலைக்கு மேலே பார்க்கவில்லை.

தலைக்கு மேலே கதவு போட்ட பரணில் என் சீர் இருந்தது. நம் பக்கத்தில் பெற்ற அப்பச்சி பெண்ணுக்குக் கொடுக்கிற சீர் தெரிந்ததுதானே: வெள்ளி, பித்தளை, வெண்கலம், மரம், இரும்பு என்று ஒரு ஆயுளுக்கு வேண்டியதையெல்லாம் கல்யாணத்தில் பரப்பிக் காட்டிவிட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள். சாவி பெண்டாட்டி இடுப்பில். பெண்டாட்டி சீரை எண்ணிப் பார்க்கிற ஆண்பிள்ளைகளும் நம் ஊரில் உண்டு. நீங்கள் கல்யாணமான புதிதில் ஒரு சொல் சொன்னீர்கள்: "அது உன் அப்பச்சி உனக்குக் குடுத்தது. எனக்கு அங்க சோலி இல்லை." அதோடு சரி. ஒரு நாள் அண்ணாந்து பார்த்ததில்லை, உள்ளே என்ன என்று கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் நான் உங்கள் மேல் உயிராக இருந்தேன். உங்கள் மூக்கு அழகுக்கா இருந்தேன்?

சந்திரனில் மனிதன் நடந்து ஊரே ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று உங்கள் கட்டுரையைப் போட்டது. 'காரைக்குடியில் எதிரீர்ப்பா?' என்று நம் ஊர்ப் பேப்பரிலும் வந்தது. பாதிப் பேர் உங்களை மகான் என்றார்கள், பாதிப் பேர் புளுகன் என்றார்கள். கடைசியில், நேரில் பார்த்துச் சொல்கிறோம் என்று சென்னையிலிருந்து மூன்று பேராசிரியர்கள் கிளம்பி வந்தார்கள். அவர்கள் சரி என்றால் உங்களுக்குச் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம். இல்லை என்றால் ஆராய்ச்சி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று கல்லூரி எழுதிக் கேட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள், அவ்வளவு நம்பிக்கை.

அவர்கள் வந்த சமயம் வள்ளி கல்யாணத்துக்கு வீடு அமளிப்பட்டுக்கொண்டிருந்தது. என் சீரைத்தான் துலக்கி அவளுக்குப் பரப்பப் போகிறோம் என்று பரணைக் காலி செய்து, வளவு முழுக்கச் சாமானாகப் போட்டுப் புளி தேய்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் அண்டாவுக்கும் இருப்புச் சட்டிக்கும் நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள். அதில் பெரியவர் "வீட்ல விசேஷமா?" என்று சிரித்தார். நான் சீப்புச்சீடையும் காப்பியும் கொடுத்து அனுப்பினேன். சிரித்த முகமாகத்தான் உள்ளே போனார்கள்.

வட்டு சுழன்றது. முள் அசையவில்லை. திருப்பித் திருப்பிச் சுழலவிட்டீர்கள், உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. நான் கதவுக்கு வெளியே ஊக்குகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் கோபப்பட்டிருந்தால்கூட மனசு தாங்கியிருக்கும். உங்கள் தோளைத் தட்டி, "ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார். நோயாளியிடம் பேசுகிற குரல். அந்தக் குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வள்ளி கல்யாணத்தில் நீங்கள் சபையில் நின்றபோது பின்னாலிருந்து யாரோ "மாமா, தரையில கால் பாவுதா?" என்றான். பந்தியே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் கூட்டாளி ஞானம் சார் மட்டும், அந்த வேதக்கார ரசாயன வாத்தியார், சாயங்காலமானால் சைக்கிளில் வந்து உங்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

வள்ளி மாப்பிள்ளைக்குக் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. "இந்தக் கனத்தையெல்லாம் எங்க வைக்கிறது ஆத்தா?" என்று பழைய சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆள் வைத்து மறுபடியும் பரணில் ஏற்றினேன்.

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தராசைப் பிரித்துக் கட்டிவிடலாம் என்று ஞானம் சாரோடு உள்ளே போனீர்கள். கட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை சுழலவிட்டீர்களாம். "மீனா! ஏ மீனா!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் நான் ஊக்கைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தேன். வட்டு எழும்பி நின்றது. கடுகை வைத்தீர்கள், முள் நடுவில். ஞானம் சார் சிலுவை போட்டுக்கொண்டார். நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதீர்கள், அந்த வயசில், இன்னோர் ஆள் முன்னால். நான் பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு இனிப்பாகக் கும்மாயம் கிண்ட ஓடினேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று அடுப்பங்கரையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

கும்மாயத்தோடு வந்தால் நீங்கள் அண்ணாந்து பரணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

"அவுக வந்த அன்னைக்கு இந்தப் பரண்ல சாமான் இருந்துச்சா?"

"இல்லையே. எல்லாம் வளவுலல்ல கெடந்துச்சு, துலக்க."

"அதுல இரும்பு இருக்கா?"

"இருக்காம? பணியாரச் சட்டி, தோசைக்கல்லு, இருப்புச் சட்டி பெருசு சிறுசு... ஏன் கேக்குறீக?"

உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சம் போனதை நான் பார்த்தேன். மெதுவாகக் கேட்டீர்கள்: "நான் அதைப் பாக்கலாமா, மீனா?"

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் சீரைப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள், அதுவும் அனுமதி கேட்டு. நானே ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு சட்டியாக எடுத்துக்கொடுக்க, ஞானம் சார் வாங்கி வளவில் வைத்துவிட்டு வந்தார். ஒவ்வொன்று போகப் போகத் தராசு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "இன்னொன்னு" என்பீர்கள். கொடுப்பேன். "இன்னொன்னு." என் அப்பச்சி தேடித் தேடி வாங்கிப் போட்ட சாமான், உங்கள் ஆயுசை இறக்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு தாளிக்கிற கரண்டி. அதுவும் போனதும் முள் கடுகு வைத்த பக்கமே சாய்ந்து நின்றது. நீங்கள் கடுகை எடுத்தீர்கள். முள் நேராயிற்று.

"எடை குறையலை, மீனா. உன் சீரு தூக்கிப் பிடிச்சிருக்கு, அம்புட்டுத்தான்." கடுகை என் உள்ளங்கையில் வைத்தீர்கள். "இந்தா, சமையலுக்கு ஆகும்."

நான் வளவுக்குப் போய் அந்தப் பணியாரச் சட்டியை எட்டி உதைத்தேன், கால் பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம். திரும்ப வந்து சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்: "எல்லாத்தையும் மேல ஏத்திருவோம். மறுபடி அவுகளைக் கூப்பிடுங்க, பாத்துட்டுப் போகட்டும். யாருக்குத் தெரியும்?" ஞானம் சார் அவ்வளவு தூரம் போகவில்லை. "சும்மா விட்டுருங்க. அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. யாரும் கேக்கலையே சார்" என்றார்.

"நான் கேட்டேன்ல, ஞானம்" என்றீர்கள். "கேட்டது நான்தானே. பதில் வந்துருச்சு, அதைச் சொல்ல வேணாமா?"

பத்திரிகைக்கும், அந்த மூன்று பேருக்கும், கல்லூரிக்கும் எழுதினீர்கள். பிழை என்னுடையது, மேலே இருந்த இரும்பை நான் கவனிக்கவில்லை என்று. என் சீர் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. பத்திரிகை ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டது. மற்றவர்கள் பதில்கூடப் போடவில்லை. எழுதாத சங்கதி எப்படியோ ஊருக்குக் கசிந்து, கடுகு வாத்தியார் என்ற பெயர் போய்ப் 'பணியாரச்சட்டி வாத்தியார்' என்று வந்தது. பொய் சொல்லி அதற்குச் சிரித்திருந்தால்கூட மனசு ஆறும். நீங்கள் மெய்யைச் சொன்னதற்கல்லவா சிரித்தார்கள்! பாவிகள். நீங்கள் அண்ணாந்து பார்க்காதது கவனக்குறைவு என்று உலகம் நினைக்கிறது. அது மரியாதை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் எந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போடுவேன்?

அப்புறம் நீங்கள் நோயில் விழுந்தீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், படுக்கை விரிப்பை மாற்ற உங்களை நானே தூக்கினேன். அரிசி மூடைக்கு ஒடிந்த இடுப்பு உங்களுக்கு ஒடியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்து, அந்தப் பழைய சிரிப்பில் பாதி சிரித்தீர்கள். "இப்ப நெசமாவே குறைஞ்சிருக்கு மீனா. ஞானத்துக்கிட்டச் சொல்லு." என்னால் ஒரு கிண்டலும் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

பரணில் இப்போது ஒன்றும் இல்லை. இரும்பையெல்லாம் சாக்கோட்டைப் பக்கம் ஒரு சத்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன். தாளிக்கிற கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டேன், இன்று காலை கடுகு தெறித்தது அதிலிருந்துதான். தராசை ஞானம் சார் துணி போட்டு மூடிவைத்தார். தூசி தட்ட நான்தான் போகிறேன்.

நிலைப்படியில் கால் வைத்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது, ஊக்கைக் கழற்ற. ஊக்கு இல்லை. அதை மாட்டியிருந்த சங்கிலியும் உங்களோடு போயிற்று. வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு, "இரும்பு ஒன்னும் இல்லை, வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.