நெற்றிக்காசில் ஒட்டிய சந்தனம்

என் அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துவிடு. நாணயம் சேர்ப்பவர்கள் நடத்தும் சின்ன இதழில், மறைந்துபோன சேகரிப்பாளர் யாரையாவது பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் வைப்பது உனக்குப் பிடிக்காது. எனக்கும் கூச்சம்தான். எழுத்தில் ‘நீங்கள்’ என்று போடுவதுதான் முறை என்றும் தெரியும். ஆனால் உன்னிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லையே, கடிதத்தில் மட்டும் எப்படி வரும்?

எனக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்துவிட்டது அப்பா, ஓர் ஆடிட்டர் ஆபீசில். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். டிக்கெட் கவுன்டரில் சில்லறை தந்தால் இப்போதும் வருடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் திட்டுகிறார்கள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ அவள் கனவில் அடிக்கடி வருகிறாயாம். வந்து வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைச் சட்னி கேட்கிறாயாம். என் கனவில் ஒரு முறைகூட வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வானூர், கண்டமங்கலம் பக்கமெல்லாம் மொபெட்டில் சுற்றி, பழைய பித்தளைச் சாமான் வாங்கிக் காயலாங்கடைக்குப் போடுவது உன் தொழில். செம்புக்குள்ளும் உண்டியலுக்குள்ளும் தங்கியிருந்த பழைய காசுகளை மட்டும் கடைக்குப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவருவாய். நீ எதையும் நம்புகிறவன். நான் எதையும் சந்தேகப்படுகிறவள். நான் கையை நீட்டினாலே, “வந்துட்டாங்கப்பா போலீசு” என்பாய். நல்ல காசு மரப்பெட்டிக்குப் போகும். போலி, பழைய நெய் டப்பாவுக்கு. டப்பாதான் சீக்கிரம் நிரம்பியது.

அனுமார் படம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் வைத்தால் அரிசியை இழுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கி வந்தாய். தட்டில் அரிசியைப் பரப்பி, ஃபேனை நிறுத்திவிட்டு, இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் அரிசிகூட அசையவில்லை. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“அது இழுக்கலன்னா போவுது. நீ போயி ரேஷன் கடையிலேர்ந்து இழுத்துக்கினு வா.”

அந்தக் கதை அத்தை வீடுவரை போனது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், “இன்னா மாமா, அரிசி வந்துச்சா?” என்பார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய். வண்டியில் திரும்பி வரும்போது மட்டும் பேச மாட்டாய்.

பிறகு அந்த 1939 ரூபாய் வந்தது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளிக் காசு. அந்த வருடத்து ரூபாய் மிக அரிது என்பதால், 1938-ஐத் திருத்தி விற்பவர்கள் உண்டு. எட்டின் கீழ்வயிற்றில் இடப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் ஒன்பது. ஆனால் சுரண்டிய இடத்தில் காசின் பரப்பு கலைந்திருக்கும், நல்ல லென்ஸில் தெரிந்துவிடும். எடை சரியாக இருந்தது. விளிம்புக் கோடுகளும் சரி. அதெல்லாம் 1938-க்கும் சரியாகத்தான் இருக்கும் என்றேன் நான். நம்மிடம் லென்ஸ் இல்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் அந்த ஒன்பது கலங்கலாகத் தெரிந்தது.

“டூப்புதான்பா.”

“யம்மா, ஒரு தபா நம்பித்தான் பாரேன்.”

“நம்பறதுக்கு இன்னா இருக்குது? எட்ட நோண்டி வெச்சிருக்கான்.”

“விழுப்புரத்துல மாசாமாசம் காசுக் கூட்டம் நடக்குதில்ல, அங்க காட்டுவோம். நெசம்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவ?”

“போலீசு வேலய வுட்டுடறேன்.”

நான் நெய் டப்பாவைக் காட்டினேன். நீ மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டாய். கூட்டத்துக்கு நாம் போவதற்குள் நீ போய்விட்டாய்.

அன்றைக்கு நெற்றியில் வைக்கக் காசு கேட்டார்கள். “ஜல்தியா ஒண்ணு எடுத்துக்கினு வாங்க” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அத்தை அழுதுகொண்டே போய், மரப்பெட்டியில் இருந்ததிலேயே பளிச்சென்று இருந்ததை எடுத்து வந்தாள்; அதே 1939 ரூபாய். அது பளிச்சென்று இருந்ததற்கு அம்மாதான் காரணம். ஆயுத பூஜைக்கு விளக்கோடு உன் காசுகளையும் எடுத்து, செம்பைப் புளியாலும் வெள்ளியை விபூதியாலும் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தாளே. “சாமிக்கு முன்னாடி அழுக்கோடவா வெப்பாங்க?” என்றாள். நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

ராஜா தலை வெளியே தெரிந்தது. வருடம் இருந்த பக்கம் உன் நெற்றியில், சந்தனத்துக்குள்.

நம் வகையறாவில் நெற்றிக்காசைச் சுடுகாட்டில் விடுவதில்லை. எடுத்து வந்து அரிசிப் பானையில் போட்டு வைப்பார்கள். போனவர் வீட்டுக்குக் குறை வைக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அம்மாவும் அப்படியே செய்தாள். அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு முறை தொட்டுப் பார்க்கிறாள். வருடம் இருக்கும் இடத்தில் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருக்கிறது.

போன மாதம் விழுப்புரம் காசுக் கூட்டத்துக்கு நான் மட்டும் போனேன். காசு பரப்பியிருந்த ஒரு மேசை முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

“ஏம்மா, விக்க வந்தியா, வாங்க வந்தியா?” என்றார் கடைக்காரர்.

“பாக்க வந்தேங்க.”

பிறகு எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அவ்வளவு பேசினேன் என்றால் நீ நம்ப மாட்டாய். நீயே நம்பாத ஒன்று!

“சந்தனமா? அது ஒண்ணும் பேஜாரு இல்லம்மா. நல்ல தண்ணியில ஊறப் போடு, தானா வுட்டுரும். தேய்க்க மட்டும் தேய்க்காத. காசு தேஞ்சிருந்தா தப்பில்ல, தேச்சிருந்தாதான் தப்பு.”

“ஏற்கெனவே தேச்சிட்டாங்க.”

“யாரு?”

“அம்மா.”

“எல்லா வூட்லயும் அம்மாதான்” என்றார். “ஊற வெச்சி எடுத்துக்கினு வா. நம்பர லென்சுல பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

“அதுல மட்டும் கைய வெக்காத.”

“தேய்க்கலம்மா. ஊற வெக்கிறதுதான்.”

“அவரு நெத்தியில இருந்த சந்தனம்டி. அத தண்ணியில கரைச்சிட்டு, வெறுங்காசு எனக்கு இன்னாத்துக்கு?”

வீட்டில் எதையும் தேய்க்காமல் விட்டதில்லை அவள். இந்த ஒன்றைத் தண்ணீரில் போடக்கூட விடவில்லை.

அம்மா சொல்வதும் நியாயம்தான். ஆனால் எனக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று இப்போதுதான் முதல் முறையாக ஆசைப்படுகிறேன். அடுத்த விசேஷத்தில் யாராவது அரிசிக் கதையை ஆரம்பித்தால், சொல்வதற்கு ஒரு வார்த்தை வேண்டும். காசு விஷயத்தில் நம் கடைசிப் பேச்சு, ‘எட்ட நோண்டி வெச்சிருக்கான்’ என்று நிற்கிறது. அது அப்படியே நிற்க வேண்டாம்.

போலியாகவும் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். லென்ஸில் எது தெரிந்தாலும் அந்தக் காசு நெய் டப்பாவுக்குப் போகாது. விலைக்கும் போகாது. அரிசிப் பானைக்கே திரும்பும். ஊறிய தண்ணீரைக் கொட்ட மாட்டேன். அடியில் படியும் சந்தனத்தை உலர்த்தி, அம்மாவின் விபூதிச் சம்புடத்தில் சேர்த்துவிடுவேன். இதை அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

அதனால் ஒன்று கேட்கிறேன் அப்பா. என் கனவுக்கு வர வேண்டாம். அடுத்த தடவை அவளிடம் சட்னி கேட்க வரும்போது, சட்னிக்கு முன்னால், “புள்ள ஊற வெச்சிக்கட்டும், வுடு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன். நீ சொன்னால் கேட்பாள். அடுத்த காசுக் கூட்டம் வருவதற்குள் வா.

உன் மகள்,
இன்னும் வேலையை விடாத உன் வீட்டுப் போலீசு